அழைப்பிதழில் விட்டுப்போன சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் தினமான மே 12 அன்று, நர்சுகள் தங்கள் தொழிலைப் பெருமையாக நினைக்கிறார்களா, வெட்கமாக நினைக்கிறார்களா என்று கேட்டு வாசகர்களை எழுதச் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. நாலு வருடம் தனியார் ஆஸ்பத்திரி, அப்புறம் 35 வருடம் அரசு வேலை என்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே நர்சாக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவள் நான். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. போன வாரம் என் தங்கை வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நாலு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரி வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழை பார்க்க உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., அதன் கீழே அவர் வேலை செய்யும் கம்பெனி, ஊர், எல்லாம் இருந்தது. எங்கள் பெண்ணின் பெயருக்குப் பின்னால் "பி.எஸ்சி.," என்று போட்டு அதோடு நின்றிருந்தது. அச்சகத்தார் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பென்சிலால் சுழித்தேன்.

தங்கை என் கையைப் பிடித்தாள். "அக்கா, அது தப்பு இல்ல. நர்சிங்ணு போட வேண்டாம்ணு மாப்பிள்ளைக்க அம்மைதான் சொன்னாவ. அவிய சொந்தத்துல, பீ மூத்திரம் அள்ளுக வேலைண்ணு நாலு பேரு பேசுவாவளாம்."

பெண் அப்போது நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையை வாரிக்கொண்டே, "போடாட்டி போகட்டும் பெரியம்மா, ஒரு வார்த்தைதானே" என்றாள். சம்பந்தியம்மா சொன்னதைவிட இவள் இப்படிச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. கோபப்படவும் எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் தொழிலை மறைக்கிற அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

என் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் "அரசுப் பணி" என்று எழுதினேன். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே ஒரு பெண், "ராத்திரி முழுக்க ஆம்பளை வார்டுல நிக்கணும், வீட்டுக்காரன் எப்படி விடுகான்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். நான் அங்கேயே திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்தேன். அந்த ஒரு கேள்விதான் என் பேனாவைப் பிடித்து "அரசுப் பணி" என்று எழுத வைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். ஆகவே, வெட்கப்படுகிறார்களா என்று நீங்கள் கேட்டால், ஆமாம், நான் வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் வார்டுக்குள் நின்றபோது ஒரு நாளும் இல்லை. பந்தியிலும் பஸ்ஸிலும் விண்ணப்பத்தின் முன்னாலும்தான் அந்த வெட்கம் வந்தது.

நான் நர்சான கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்பா பனையேறி. அவருடைய பாட்டி காலத்தில் எங்கள் பெண்கள் மாரை மறைத்து உடுத்தினாலே அடி. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு மேலே துணி போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. அதற்கும் முன்பே, 1838-இல், நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் மலை ஏறப்போன டாக்டர் சாமர்வெல் பல வருடம் அங்கே அறுவைச் சிகிச்சை செய்தார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். டாக்டர் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கூட நின்று கட்டுப் போட்ட பெண்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர்களில் பலர் எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து போனவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

நான் 1980-இல் நர்சிங் படிப்பில் சேர்ந்தேன். முதல் சில மாதம் தொப்பி கிடையாது. அதன் பிறகு ஒரு சாயங்காலம் விழா வைத்து, கையில் விளக்கைக் கொடுத்து, தலையில் தொப்பி வைப்பார்கள். அந்தத் தொப்பி விறைப்பாக நிற்க வேண்டும். கடையில் கஞ்சிப்பசை வாங்கக் காசு இல்லை. அம்மா மரச்சீனியை, அதுதான் மரவள்ளிக்கிழங்கை, சீவி, பிழிந்து, பாலைத் தெளிய வைத்து அடியில் படிந்த மாவைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டாள். அதில் முக்கி, கண்ணாடிப் பலகையில் ஒட்டிக் காயவைத்து உரித்தால் தொப்பி தகடு மாதிரி நிற்கும். விழாவுக்கு அப்பா வந்தார். பனையேறிக் காய்த்துப்போன மார்பை மூடிச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையை அதற்கு முன்பு நான் ஒரே ஒரு கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன். மண்டபத்துக்குள் வராமல் வாசல் பக்கமே நின்றார். முடிந்து வெளியே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ. "மக்களே, ஒங்க பாட்டி பாத்திருக்கணும்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. ஊர் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அப்படிப் போட்ட உடுப்பை அழைப்பிதழில் மறைக்கச் சொல்கிறார்கள்.

சரி, பீ மூத்திரம் அள்ளுகிற வேலை என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆமாம், அள்ளியிருக்கிறேன். எத்தனை ஆயிரம் முறை என்று கணக்கில்லை. அதில் ஒரு முறையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள், ஆண்கள் வார்டில் ஒரு மீன்பிடித் தொழிலாளி படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடுப்பு வலி என்று சேர்த்திருந்தார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பெட்பேன் கேட்டார். அன்று வார்டில் உதவிக்கு ஆள் இல்லாததால் நானே வைத்தேன், நானே எடுத்தேன். கழிவறைக்குக் கொண்டு போகும்போது நாற்றம் வேறு மாதிரி இருந்தது. மலத்துக்கென்று ஒரு நாற்றம் உண்டு. இது அது இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ரோடு போடுகிற தார் மாதிரி கருப்பாக, பிசுபிசு என்று இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகப் போகும், ஆனால் கேஸ் ஷீட்டில் அந்த மாத்திரை எழுதியிருக்கவில்லை. கொட்டாமல் மூடி வைத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினேன். நாடி பிடித்துப் பார்த்தால் 120-க்கு மேல் ஓடுகிறது. கை சில்லிட்டிருக்கிறது. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், உள்ளே வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணே, வலிக்கு வெளியில மாத்திரை எதுவும் வாங்கித் தின்னீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் பாயில் படுத்திருந்த அவர் மனைவி எழுந்து, மூணு மாசமாகக் கடையில் வாங்கித் தினமும் போடுகிறார் என்றாள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை. வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த டியூட்டி டாக்டரை எழுப்பினேன். அவர் சின்ன வயசுக்காரர், நல்லவர். எழுந்து வந்து பெட்பேனைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தார். இரண்டு கையிலும் டிரிப் போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பெரிய நெய்மீனைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றார். ஒன்றும் வாங்கக் கூடாது என்று விதி. மீனைத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு முகம் வாடிவிட்டது.

பார்க்காமல் கொட்டியிருந்தால் விடிவதற்குள் போயிருப்பார். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அள்ளுகிறபோது நாங்கள் பார்க்கிறோம். கட்டிலில் தொங்குகிற மூத்திரப் பையில் அளவு குறைந்தால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று முதலில் தெரிவது எங்களுக்கு. வாதம் வந்து படுத்திருப்பவரைத் துடைக்கும்போது இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அடியில் சதை சாகத் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் சில நாளில் எலும்பு தெரிகிற புண் ஆகிவிடும். இதெல்லாம் படித்துத் தேர்வு எழுதித் தேறி, நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்கிச் செய்கிற வேலை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், சுனாமி வந்த நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை ஊர்களிலிருந்து ஆட்களை வேனிலும் லாரியிலும் கொண்டு வந்தார்கள். உயிருள்ளவர்களைப் பார்த்து முடித்த பிறகு இறந்தவர்களிடம் போனோம். எங்களைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முகம் முழுக்க மண். உறவுக்காரர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். நாங்கள் ஈரப் பஞ்சால் மூக்கு, காது, கண்ணோரம் எல்லாம் மண்ணைத் துடைத்தோம். பெண்களின் துணி அலையில் போயிருந்தது. வார்டில் கிடந்த பெட்ஷீட்டை எல்லாம் எடுத்து வந்து மூடினோம். பக்கத்தில் வேலை செய்த ஒரு சிஸ்டர், சின்னப் பெண் ஒருத்தியின் தலைமுடியில் சிக்கிய கடல்பாசியை ஒவ்வொன்றாக எடுத்து, சீவி, பின்னலே போட்டுவிட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பின்னலைப் பார்த்துத்தான் ஒரு தாய் தன் பிள்ளையிடம் நின்றாள்.

இந்த வேலையில் எனக்கு இருக்கிற பெருமை அவ்வளவுதான். மாலை போட்டு வருவது இல்லை இது. 2020 மார்ச் 22 அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரே கை தட்டியது, தெரியும். அப்புறம் நான் கொரோனா வார்டுக்குப் போனேன். ஆறு மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த சின்னப் பிள்ளைகள் எங்களோடு தோளோடு தோள் நின்றார்கள். 2022 டிசம்பர் 31-ஓடு அவர்களுக்கு வேலை இல்லை என்று ஆனபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பிதழில் "நர்சிங்" என்று போட எல்லா வீட்டிலும் தயங்குகிறார்களா? இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் கருங்கல் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நடந்தது. அவளும் நர்ஸ்தான். ஆங்கிலத் தேர்வு எழுதி இங்கிலாந்துக்குப் போனவள். அவள் அழைப்பிதழில் "ஸ்டாஃப் நர்ஸ், லண்டன்" என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டாரே கேட்டுப் போட வைத்தார்களாம். அவள் அங்கேயும் பெட்பேன் எடுக்கிறாள். அவளுக்கும் நைட் டியூட்டி உண்டு. அங்கே ஆண்கள் வார்டும் உண்டு.

அப்படியானால் இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று தங்கை மகளின் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும். மாதம் 11,500 ரூபாய். படிப்புக்கு வாங்கிய கடனுக்கான தவணை போக மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம். வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. இவள் சில ராத்திரிகளில் மூன்று பேரைப் பார்க்கிறாள். லீவு எடுத்தால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்களாம். வேலையை விட்டு வேறு இடம் போகலாம் என்றால் சேரும்போதே சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா நாற்றத்தைச் சொல்கிறார், நைட் டியூட்டியைச் சொல்கிறார். அதற்கு அடியில் இருப்பது இந்த 11,500 ரூபாய். முப்பதாயிரம் வாங்கினால் அந்த நாலு பேர் வேறு மாதிரி பேசுவார்கள்.

இது தெரியாமல் யாரும் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்கும் குறைவான இடமானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்சுகள் சங்கமாகச் சேர்ந்து வேலைநிறுத்தம் வரைக்கும் போய், 2018-இல் அந்த அரசைக் குறைந்தபட்சம் 20,000 என்று அறிவிக்க வைத்தார்கள். எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டினால் அந்தக் கணக்கு. இந்தப் பக்கம் இந்தக் கணக்கு. எங்கள் பிள்ளைகள் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போகாமல் என்ன செய்வார்கள்?

அரசு வேலையிலும் எல்லாருக்கும் என் அதிர்ஷ்டம் இல்லை. 2015-இல் தேர்வு எழுதி வந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள். 2017 நவம்பர் 27, திங்கட்கிழமை, அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அதே வாரம் வியாழக்கிழமை நம் மாவட்டத்தில் ஒக்கிப் புயல். ரப்பரும் வாழையும் தேக்கும் ரோட்டில் விழுந்து கிடந்தது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சென்னையில் போராடிவிட்டுத் திரும்பிய ஒரு பெண் எங்கள் வார்டில் இருந்தாள். மரம் விழுந்த ரோட்டில் வழியெல்லாம் இறங்கி ஏறி, ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து டியூட்டிக்கு வந்தாள். பாவாடை விளிம்பு முழுக்கச் சேறு. கையைக் கழுவிவிட்டு நேராகக் கேஸ் ஷீட்டை எடுத்தாள். 7,700 ரூபாய்க்கு.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மே 12-க்குக் கையில் விளக்கோடு நிற்கிற படம் போடுவீர்கள், போடுங்கள். கூடவே நம் மாவட்டத்தில் எந்த அளவு ஆஸ்பத்திரியில் நர்சுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள், சான்றிதழைப் பிடித்து வைக்கிறார்களா, ராத்திரி எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் நிற்கிறாள் என்று உங்கள் நிருபரை அனுப்பி விசாரித்து எழுதுங்கள். நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை ஒரு நாள் போதும். பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சிஸ்டர்களையும் கூட்டி வருகிறேன்.

அழைப்பிதழ் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பள்ளி விண்ணப்பத்தில் நான் எழுதியதையும், அப்பா வாசலில் நின்றதையும், அந்தப் பெட்பேனையும் எழுதினேன். இத்தனை வருடத்தில் அவளிடம் இதையெல்லாம் சொன்னதே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பதில் வந்தது. மாதிரி அழைப்பிதழைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். "பி.எஸ்சி.," என்பதற்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் "நர்சிங்" என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: "காலையில மாப்பிள்ளைட்ட நானே பேசுகேன் பெரியம்மா. இப்போ நாலாம் பெட்டுக்கு சக்ஷன் போடணும்." பேசிவிட்டாள். அவர் சரி என்றாராம். அவர் அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

என் பெயரும் முகவரியும் உறையின் பின்னால் இருக்கிறது. கல்யாணம் முடியும்வரை பெயரை மட்டும் அச்சில் போட வேண்டாம், பெண்ணுக்குச் சங்கடம். தொழிலைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.